ஆற்காட்டில் பாசறை கொண்ட ஹைதர் அலி

தமிழகத்தின் வடபகுதியில் வாழும் நம்மவர்க்கு ஆற்காடு என்னும் பெயர் புதியதன்று. வட ஆற்காடு ஜில்லா, தென் ஆற்காடு ஜில்லா என்று நம் முன்னோர் கடிதங்களிலும் பத்திரங்களிலும் நெடுங்காலம் எழுதி வந்தனர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என நம் சமூகத்தினர் பரவி வாழும் ஊர்கள் பலவும் அப்பெயரின் கீழ் அடங்கியிருந்தவையே. அத்துணைப் பெரிய நிலப்பரப்புக்குத் தன் பெயரை ஈந்த ஆற்காடு, பாலாற்றங்கரையில் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அமைதியாக விளங்கும் ஒரு நகரம். அந்நகரம் 1780-ஆம் ஆண்டின் இறுதி தொட்டு இரண்டாண்டுகளுக்கு மேலாக ஒரு மாபெரும் போரின் தலைமையிடமாகத் திகழ்ந்தது. அதனைத் தம் தலைமையிடமாகக் கொண்டு சென்னைக் கோட்டையை நடுங்க வைத்தவர் மைசூர் ஹைதர் அலி ஆவார். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

போர்வீரர் ஒருவரின் சரிதம் அஹிம்சையைப் பரம தருமமாகப் போற்றும் நம் குடும்பங்களுக்கு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவலாம். அப்போர் நடந்த களங்கள் நம் ஊர்கள். அப்போர் அழித்தது நம் முன்னோரும் அவர்தம் அண்டை அயலாரும் உழுத கழனிகள். ஆகவே அம்மனிதரை அறிந்துகொள்வது நம் மண்ணின் கதையை அறிந்துகொள்வதேயாகும்.

இளமையும் வறுமையும்

ஹைதர் அலி 1720-ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்திலுள்ள பூதிக்கோட்டை என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் ஃபத்தே முகம்மது. அவர் ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபின் சேனையில் ராக்கெட் வாணம் எறியும் ஐம்பது வீரர்களுக்குத் தலைவராக ஊழியம் செய்தவர். பின்னர்ச் சீரா நகரத்து அதிகாரியிடம் சேர்ந்து, ஒரு போரில் உயிர் துறந்தார். அப்போது ஹைதர் சிறு பிள்ளை.

தந்தை இறந்தபின் அக்குடும்பம் பட்ட துயரம் பெரிது. தந்தை பட்ட கடன் என்று காரணம் காட்டி, தொட்டபள்ளாப்பூரில் அதிகாரம் செலுத்தியவர் அவர்களுடைய உடைமைகளையெல்லாம் பறித்துக் கொண்டார். அத்துடன் நில்லாது, ஹைதரையும் அவருடைய தமையன் ஷாபாஸையும் பேரிகைக்குள் அடைத்து, வெளியே தோலின் மேல் அறைந்து, அந்தப் பேரோசையால் வதைத்தனர் என்று மைசூர்ச் சரித்திரம் எழுதியோர் கூறுவர். சிறு வயதில் நேர்ந்த இந்த அவமானத்தை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அவருடைய பிற்கால வெற்றிகளிலும் பிற்காலக் கடுமையிலும் இதன் சாயல் இருப்பதை வாசகர்கள் காண்பர்.

ஹைதருக்கு எழுத்தறிவு இல்லை. தம் பெயரின் முதலெழுத்தை மட்டும், அதனையும் தலைகீழாக, ஆணைகளில் பொறிப்பது அவர் வழக்கம். ஆயினும் நினைவாற்றலில் அவருக்கு நிகரானோர் அரியர். ஒரே சமயத்தில் கடிதம் ஒன்றைப் படிக்கக் கேட்டு, மற்றொன்றுக்கு மறுமொழி சொல்லி, எதிரே நடக்கும் வழக்கையும் கவனிப்பார் என்று அவரைக் கண்டோர் எழுதி வைத்தனர்.

திண்டுக்கல் முதல் சீரங்கப்பட்டணம் வரை

தமையனார் மைசூர்ச் சேனையில் சேர்ந்திருந்தார். அவரைப் பின்பற்றி ஹைதரும் சேர்ந்தார். 1749-இல் தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் அவர் காட்டிய துணிவு, மைசூர் அரசின் தளவாயாகிய நஞ்சராஜரின் கண்ணில் பட்டது. அதன்பின் நஞ்சராஜருடன் திருச்சிராப்பள்ளிப் போரில் கலந்து கொண்டார். அப்போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் படை வகுக்கும் முறையை அருகிலிருந்து கற்றறிந்தார். ஒழுங்குற அணிவகுத்து நிற்கும் சிறு படையானது ஒழுங்கற்ற பெரும் படையை வெல்லும் என்ற உண்மையை அவர் அங்கே தெளிந்தார்.

1755-இல் திண்டுக்கல்லின் ஃபவுஜ்தாராக அமர்த்தப்பட்டார். அங்குள்ள பாறைக் கோட்டையில் பிரெஞ்சுக் கைவினைஞரை வைத்துப் படைக்கலச் சாலை ஒன்றை ஏற்படுத்தினார். கொங்கு நாட்டின் வருவாயும் திண்டுக்கல்லின் படைக்கலமும் அவர் உயர்வுக்கு ஏணியாயின. எனவே மைசூர்ப் பேரரசின் வித்து தமிழ் நிலத்தில் ஊன்றப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

1760-இல் அவருடைய வாழ்வு ஒரு நூலிழையில் ஊசலாடிற்று. அவரிடமே எழுத்தராக இருந்து உயர்ந்த கண்டே ராவ், அரண்மனையாருடன் சேர்ந்து அவரை வீழ்த்த முற்பட்டார். குடும்பத்தாரைச் சீரங்கப்பட்டணத்திலேயே விட்டுவிட்டு, வெள்ளம் புரண்டோடிய காவிரியை இரவில் கடந்து ஹைதர் தப்பினார். அடுத்த ஆண்டே படையுடன் மீண்டு ஆட்சியைக் கைப்பற்றினார். கண்டே ராவின் உயிரைக் காக்குமாறு அரண்மனைப் பெண்டிர் வேண்டினர். கிளியைப் போல் பேணுவதாக வாக்களித்த ஹைதர், அதன்படியே அவரை இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் அளித்து வந்தார். சொல் பிறழவில்லை, ஆனால் அச்சொல்லினுள்ளே வஞ்சம் ஒளிந்திருந்தது. மாயை, மானம் என்று நம் ஆன்றோர் வகுத்த கஷாயங்கள் ஓர் ஆற்றல் மிக்க மனிதரிடத்தே எங்ஙனம் செயற்படும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

உடையார் மரபினரை அரசராகவே இருத்தி, அதிகாரத்தைத் தாம் செலுத்தினார். 1763-இல் செல்வச் செழிப்பு மிக்க பெத்தனூரைக் கைப்பற்றி, அதற்குத் தம் பெயரால் ஹைதர் நகர் என்று பெயர் சூட்டினார். 1766-இல் மலையாள நாட்டின் மீது படையெடுத்தார். சிரவணபெளகொளாவைத் தன்னகத்தே கொண்ட சிறிய மைசூர் நாடு, இங்ஙனம் சில ஆண்டுகளில் மேலைக் கடல் வரை விரிந்தது.

மீறப்பட்ட உடன்படிக்கை

ஆங்கிலேயருக்கும் ஹைதருக்கும் முதற் போர் 1767-இல் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த போர்களில் கர்னல் ஸ்மித் என்பார் ஹைதரைத் தோற்கடித்தார். ஆயினும் போர் முடியவில்லை. 1769-இல் ஹைதர் தம் பெரும்படையை வேறு திசையிற் போக்கிவிட்டு, சுமார் 6,000 குதிரை வீரருடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். கோட்டையில் இருந்தோர் திகைத்தனர். ஏப்ரல் மாதம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்பது அதன் உயிர்நாடியான விதி.

அவ்விதியை ஆங்கிலேயர் காக்கவில்லை. 1770 முதல் 1772 வரை மராட்டியர் மைசூர் மீது படையெடுத்து வந்து, சீரங்கப்பட்டணத்தின் வாயில் வரை நெருக்கினர். ஹைதர் பலமுறை துணை வேண்டியும் சென்னையிலிருந்து ஒரு படையும் வரவில்லை. பெரும் பொருள் கொடுத்து மராட்டியரிடமிருந்து அவர் மீளவேண்டியதாயிற்று. வாக்குப் பிறழ்ந்தவர் என்ற எண்ணம் அன்று முதல் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1779-இல், தமக்குப் படைக்கலங்கள் வந்திறங்கும் மாஹே துறைமுகத்தை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தபோது, அவ்வெண்ணம் குரோதமாக முற்றியது.

அவ்வாண்டு சென்னை ஆளுநர், தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியாராகிய சுவார்ட்சு என்பவரைத் தூதராகச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். அவர் பொருளாசை அற்றவர் என்பதனை உணர்ந்த ஹைதர் மரியாதையுடன் வரவேற்றார். தூது பயன்படவில்லை. எனினும் பின்னர்ப் போர் மூண்டபோது, அத்துறவியை எங்கும் தடையின்றிச் செல்ல விடவேண்டும் என்று தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டார். கொடியவர் என்று எதிரிகள் கூறிய ஒருவரிடம் இப்பண்பும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கொற்றலையாற்று வெள்ளம்

1780 ஜூலை மாதம் ஹைதர் ஏறத்தாழ 90,000 பேர் கொண்ட படையுடன் செங்கம் கணவாய் வழியாகத் தமிழகத்துள் இறங்கினார். கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஆகஸ்டு மாதத்தில் ஆற்காடு முற்றுகையிடப்பட்டது.

அவரை எதிர்க்க ஆங்கிலேயர் இரு படைகளை ஒன்றுசேர்க்க எண்ணினர். பக்ஸார் போரில் வென்ற சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் வந்து தங்கினார். கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து தெற்கே வந்து கொண்டிருந்தார். அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கமாக வந்து ஆகஸ்டு 25 அன்று கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தபோது ஆற்றில் நீர் பெரிதாக இல்லை. அன்றே கடந்திருக்கலாம், ஆனால் கரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் பெருகிற்று. செப்டம்பர் 3-ஆம் நாள் வரை அவரால் அக்கரை சேர இயலவில்லை. திருவள்ளூர் மாவட்டத்து மக்கள் நன்கறிந்த அந்த ஆறு, வேனிலில் மணற்படுகையாகக் கிடப்பது. அன்றைய ஒரு வார வெள்ளம் சென்னை அரசின் தலைவிதியையே மாற்றியது.

அந்தக் கால இடைவெளியில் ஹைதர் ஆற்காட்டு முற்றுகையைத் தளர்த்திக் காஞ்சிபுரத்தை நோக்கி நகர்ந்தார். தம் மைந்தர் திப்புவைப் பெய்லியை மறிக்க ஏவினார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்புவுக்கும் பெய்லிக்கும் சண்டை நிகழ்ந்தது. மன்றோவும் பெய்லியும் ஒருவர் பீரங்கி ஓசையை மற்றவர் கேட்கும் தொலைவில் இருந்தும் ஒன்றுசேரவில்லை. 9-ஆம் நாள் கர்னல் பிளெட்சர் தலைமையில் ஓர் உதவிப் படை மட்டுமே பெய்லியிடம் வந்தது. 10-ஆம் நாள் காலை, காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அப்படை முற்றிலும் அழிந்தது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லி சீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782 நவம்பரில் மாண்டார்.

மறுநாள் மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் எறிந்துவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். புள்ளலூர் வெற்றியைச் சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு ஓவியமாகத் தீட்டச் செய்தார். அதனை இன்றும் காணலாம்.

போர்த் தலைநகராகிய ஆற்காடு

வெற்றிக்குப் பின் ஹைதர் ஆற்காட்டை மீண்டும் முற்றுகையிட்டார். 1780 நவம்பர் தொடக்கத்தில் நகரும் கோட்டையும் அவர் வசமாயின. அன்று தொட்டு அஃது அவருடைய போர்த் தலைமையிடமாயிற்று.

ஆற்காடு அப்போது தன் பழைய சிறப்பை இழந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவாப் சாதத்துல்லா கான் செஞ்சியிலிருந்து தலைநகரை இங்கு மாற்றினார். 1751-இல் கிளைவ் இக்கோட்டையில் இருந்துகொண்டு முற்றுகையைத் தாங்கியதால் இதன் பெயர் ஐரோப்பா வரை பரவியது. ஆனால் நவாப் முகம்மது அலி சென்னையில் சேப்பாக்கத்து மாளிகையைக் கட்டிக்கொண்டு 1768 முதல் அங்கேயே தங்கிவிட்டார். அரசன் இல்லாத தலைநகர் பெயரளவில் மட்டுமே தலைநகராக இருந்தது. அந்நிலையிலிருந்த ஊருக்குத்தான் ஹைதர் வந்து சேர்ந்தார்.

அவர் ஆற்காட்டைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் பல. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் கணவாய்களுக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட இடம் அது. மேற்கே வேலூர், தெற்கே ஆரணி, தென்கிழக்கே வந்தவாசி, கிழக்கே காஞ்சிபுரம் என்று நாற்புறமும் வழிகள் பிரிந்தன. பாலாற்றுப் படுகையில் குதிரைகளுக்கு வேண்டிய நீரும் புல்லும் இருந்தன. ஆரணிக் கோட்டையை அவர் தானியமும் தளவாடமும் சேர்த்து வைக்கும் கிடங்காகக் கொண்டார். சீரங்கப்பட்டணத்திலிருந்து பொருளும் செய்தியும் தடையின்றி வந்து சேர்ந்தன.

ஹைதருக்கும் ஆற்காட்டுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அங்குள்ள திப்பு அவுலியா என்னும் மகானின் அடக்கத்தலத்தில் அவரும் அவர் மனைவியாரும் மகப்பேறு வேண்டினர் என்றும், அம்மகானின் பெயரையே மைந்தருக்கு இட்டனர் என்றும் கூறுவர். தந்தை ஊழியம் செய்த அரசின் தலைநகர். மைந்தரின் பெயர் பிறந்த ஊர். அவ்வூரில் அவர் வெற்றிவீரராக நுழைந்தார்.

ஆயினும் அவ்வெற்றிக்கு நாட்டு மக்கள் கொடுத்த விலையை இங்குச் சொல்லாது விடுவது முறையாகாது. ஆங்கிலேயருக்கு உணவும் மாடும் கிடைக்கலாகாது என்பது ஹைதரின் போர்முறை. அதற்காகச் சென்னையைச் சூழ்ந்தும் வேலூரைச் சூழ்ந்தும் பல காதத் தொலைவு ஊர்களை எரித்து, விளைச்சலை அழித்து, மாடுகளை ஓட்டிச் சென்று பாழாக்கினார். தம் படைக்கு உணவளிக்கும் ஊர்களை மட்டும் அவ்வளையத்துக்கு வெளியே விட்டுவைத்தார். வேப்பம்பட்டு, திருநின்றவூர், திருவள்ளூர் என இன்று மின்சார ரயில் நின்று செல்லும் இப்பகுதி அப்பாழ்வெளிக்குள் அகப்பட்டது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் இச்சீமையின் வரிப்பொறுப்பை ஏற்ற லயனல் பிளேஸ் என்னும் ஆங்கில அதிகாரி, பல இடங்களில் மக்கள் வாழ்ந்ததற்கு அடையாளம் எலும்புகளும் கூரையற்ற சுவர்களுமே என்ற பொருளில் அறிக்கை எழுதினார்.

திருப்பாச்சூரும் ஒரு பிடி அரிசியும்

1780 நவம்பரில் வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் கப்பலில் சென்னைக்கு வந்தார். வயது முதிர்ந்த, நோயாளியான தளபதி. அவருக்கு எதிரி ஹைதர் ஒருவரல்லர், பசியும் எதிரியாயிற்று. 1781 ஜனவரியில் வந்தவாசிக் கோட்டையின் முற்றுகையை அவர் விலக்கினார். பொன்னூர் மலையின் அடிவாரத்து ஊர்களெல்லாம் அப்போது படைகளின் நடமாட்டத்தைக் கண்டன. ஜூன் மாதம் சிதம்பரத்தில் தோல்வியுற்றார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் சுமார் 8,000 பேருடன் ஹைதரின் பெரும்படையை வென்றார். அன்று ஹைதர் ஒரு மேட்டில் அமர்ந்து போரைப் பார்த்திருந்தார். தோல்வி உறுதியான பின்னும் எழ மறுத்த அவருக்கு, பழைய குதிரைக்காரர் ஒருவர் தாமே பாதரட்சையை மாட்டி, நாளைக்கு வெல்லலாம் என்று தேற்றிக் குதிரையில் ஏற்றினார் என்று சரித்திர ஆசிரியர் எழுதுவர்.

பின் கூட் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையை நோக்கி வந்தார். அவருடைய படைக்கு உணவு சில நாளுக்கே இருந்தது. 1781 ஆகஸ்டு 22 அன்று ஹைதரின் முன்னணிப் படை கண்ணுக்குத் தென்படும் வேளையில் கோட்டை பணிந்தது. அங்குக் கிடைத்த நெல் கூட்டின் படையை மேலும் சில நாள் நிலைநிறுத்தியது. சிறைப்பட்ட வீரர்களுக்குச் சோறிட இயலாத கூட், அவர்களுக்கு ஈடாகத் தம்மவரை விடுவிக்குமாறு ஹைதரிடம் வேண்டினார். கோட்டையைக் காக்கத் தவறியவர் தமக்கு வேண்டா என்று ஹைதர் மறுத்துவிட்டார். தமக்காகப் போரிட்டவரையே அவர் கைவிட்டார் என்பது அவர் வாழ்க்கையில் ஒரு கறையாகவே நிற்கிறது.

ஐந்து நாள் கழித்து, ஆகஸ்டு 27 அன்று, சோதிடர் நற்குறி சொன்ன அதே புள்ளலூரில் ஹைதர் மீண்டும் நின்றார். இம்முறை வெற்றி யாருக்கும் முழுமையாகக் கிட்டவில்லை. இருட்டியபின் ஹைதர் விலகினார். செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் கூட் வென்றார். இங்ஙனம் வென்றும் அவரால் ஆற்காட்டை அணுக முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அரிசி தீர்ந்ததும் கடற்கரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெரும்பாலும் வங்காளத்திலிருந்து கப்பலில் வரும் அரிசியே அவருக்குக் கதி.

கடலை வற்றச் செய்ய இயலுமோ

1782 பிப்ரவரியில் திப்பு கொள்ளிடக் கரையில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சிறைப்பிடித்தார். ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஜூலையில் கடலூரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரேனை ஹைதர் சந்தித்தார். ஜூன் 2 அன்று ஆரணியில் அவருடைய கிடங்கைக் கைப்பற்றக் கூட் செய்த முயற்சி பயன் தரவில்லை. வெளித்தோற்றத்தில் ஹைதரின் கை ஓங்கியே இருந்தது.

ஆனால் அவர் உள்ளத்தில் அமைதி இல்லை. தம் அமைச்சர் பூரணையாவிடம் தனித்திருக்கும் வேளையில், இப்போரைத் தொடங்கியது பெரும் பிழை என்றும், எத்துணைப் பெய்லிகளைத் தோற்கடித்தாலும் ஆங்கிலேயரை அழிக்க முடியாது என்றும், நிலத்தில் அவர்கள் வளத்தைப் பாழாக்கலாமே ஒழியக் கடலை வற்றச் செய்ய இயலாதென்றும் அவர் மனம் விட்டுக் கூறினார். பூரணையா பின்னாளில் இதனைக் கர்னல் வில்க்ஸ் என்னும் சரித்திர ஆசிரியரிடம் தெரிவித்தார். எழுத்தறியாத அம்மனிதர், வங்காளத்து அரிசி கடல்வழி வந்துகொண்டே இருக்கும் வரை தாம் எரித்த வயல்களால் பயனில்லை என்பதை எல்லோருக்கும் முன்னரே கண்டார். எரித்தபின் கண்டார் என்பதே துயரம்.

இதற்கிடையே மக்கள் நிலை சொல்லுந்தரமன்று. ஊர்களை விட்டோடியவர் சென்னையில் வந்து குவிந்தனர். 1782 அக்டோபரில் வீசிய புயலில் அரிசி ஏற்றி வந்த ஏராளமான கலங்கள் சென்னைத் துறையில் மூழ்கின. பஞ்சம் தலைவிரித்தாடியது. பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க அவ்வாண்டு சென்னையில் தொடங்கப்பட்ட ஏற்பாடே மணியக்காரர் சத்திரம். கஞ்சித்தொட்டி என்று மக்கள் வழங்கிய அவ்விடத்தை ஒட்டியே பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. தஞ்சையில் சுவார்ட்சு பாதிரியார் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்திருந்த நெல்லைக் கொண்டு பலரைக் காத்தார். நம் ஆன்றோர் கூறிய நால்வகைத் தானங்களுள் ஆகார தானம் முதலில் வைக்கப்பட்டதன் பொருள் இத்தகைய காலத்தில்தான் விளங்கும்.

இறுதி நாட்கள்

1782-இன் இறுதியில் ஹைதரின் முதுகில் இராஜபிளவைக் கட்டி தோன்றியது. மருத்துவம் பயன்படவில்லை. டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் அவர் உயிர் பிரிந்தது. மைந்தர் திப்பு அப்போது மலையாளக் கரையில் போரிட்டுக் கொண்டிருந்தார். தலைவர் இறந்த செய்தி பரவினால் படை கலைந்துவிடும் என்றஞ்சிய பூரணையாவும் கிருஷ்ணராவும் அதனை மறைத்தனர். உடலை நறுமணப் பொடியிட்டுப் பேழையில் வைத்து, கருவூலப் பொருள் போலக் கோலாருக்கு அனுப்பினர். தந்தையின் சமாதி உள்ள அவ்வூரிலிருந்து அது பின்னர்ச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கும்பஸ் என்னும் மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஒரு பெரும் சேனை தன் தலைவர் இன்றியே பல நாள் கட்டுக்குலையாது நின்றது. அவர் ஏற்படுத்திய ஒழுங்கின் உறுதிக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1783-இல் திப்பு ஆற்காட்டைக் கைவிட்டு மேலைக் கரைக்குச் சென்றார். அவ்வாண்டு ஏப்ரலில் கூட்டும் சென்னையில் காலமானார். போரை நடத்திய இருபெருந் தலைவரும் ஐந்து மாத இடைவெளியில் மறைந்தனர். 1784 மார்ச்சு 11 அன்று மங்களூரில் உடன்படிக்கை ஏற்பட்டது. பிடித்த இடங்களை இரு சாராரும் திருப்பித் தந்தனர். நாற்பதாண்டு உழைத்துப் பண்படுத்திய ஏரியும் கழனியும் இழந்த உழவருக்கு எவர் எதைத் திருப்பித் தந்தார்?

நாம் எண்ண வேண்டுவது

இல்லறத்தார்க்கு நம் சமயம் விலக்கியது சங்கல்ப ஹிம்சை. அதாவது கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது. தம்மையும் தம் நாட்டையும் காக்க நேரும்போது உண்டாவதை விரோதி ஹிம்சை என்று வேறாக வைத்து நம் நூல்கள் ஆராய்கின்றன. வாக்கு மீறியவரை எதிர்த்து ஹைதர் வாளெடுத்ததை இந்த இரண்டாம் வகையில் சேர்ப்போர் உண்டு. அதனை நாம் மறுக்க முற்படவில்லை. ஆயின், எவ்விரோதமும் செய்யாத குடிகளின் வயலையும் மாட்டையும் எண்ணித் திட்டமிட்டு அழித்தது எவ்வகையில் அடங்கும்? அது தற்காப்பின் எல்லையைக் கடந்தது என்பதே நம் கருத்து. அதே வேளையில், உடன்படிக்கையை மீறி அப்போருக்கு வித்திட்ட சென்னைக் கோட்டையாரின் பங்கும் சிறிதன்று. ஹைதரைக் கொடியவராக மட்டும் வரைந்த அக்கால ஆங்கில எழுத்தையும், அவரைக் குறையற்ற வீரராக மட்டும் வரையும் பிற்கால எழுத்தையும் நம் இளைஞர்கள் ஒருங்கே வைத்துச் சீர்தூக்குதல் நலம். ஒரு பொருளைப் பல கோணத்தில் நோக்கும் அநேகாந்தம் ஏட்டளவில் நின்றுவிடலாகாதன்றோ.

ஆற்காட்டில் அப்பெருங்கோட்டை இன்றில்லை. தில்லி வாயில் ஒன்று மட்டும் பாலாற்றங்கரையில் நிற்கிறது. அப்போர்ப் பாதைகளின் ஓரத்தில் இருந்த திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயமும், பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் பாதமும், போளூரை அடுத்த திருமலையும் இன்றும் வழிபாட்டுடன் விளங்குகின்றன. எரிந்த ஊர்களுக்கு மீண்டு வந்து, தூர்ந்த ஏரியை வெட்டி, மறுபடி நாற்று நட்டவர் யார் என்று எச்சரித்திர நூலும் பெயர் குறிக்கவில்லை. அவர்தம் வழியில் வந்தவரே நாம். அத்தலங்களுக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள், ஒருநாள் வழியில் ஆற்காட்டில் இறங்கி, அவ்வாயிலையும் பிள்ளைகளுக்குக் காட்டி, இக்கதையையும் சொல்லி வருவார்களாக.